சந்திரன் வரைக்கும், இல்லாவிட்டால் சாயங்காலம் வரைக்கும்

பாகீரத் பேலஸில் பல்புக்கு கேரண்டி கேட்பவனை ஊருக்குப் புதுசு என்று முடிவு கட்டிவிடுவார்கள். நான் கரோல்பாகில் வளர்ந்தவன். இருந்தும் போன தீபாவளிக்கு முந்தின வாரம் புத்தி தடுமாறிக் கேட்டுவிட்டேன். கையில் எல்.இ.டி. பல்பு. "எத்தனை நாள் உழைக்கும்?" கடைக்காரர் வாயிலிருந்த பாக்கை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, "சலே தோ சாந்த் தக், நஹீ தோ ஷாம் தக்" என்றார். ஓடினால் சந்திரன் வரைக்கும், இல்லாவிட்டால் சாயங்காலம் வரைக்கும். அவர் தலைக்கு மேல், வட இந்தியக் கடைகள் பலவற்றில் காணக்கிடைக்கிற அந்தப் பலகை: நாகரிகம் மாறுகிற காலத்தில் கேரண்டிக்கு ஆசைப்படாதீர்கள். பலனை எதிர்பாராதே என்று குருக்ஷேத்திரத்தில் சொன்னதை, ஒரு மூன்று மணி நேர பஸ் தூரத்தில் இப்படிச் சுருக்கிவிட்டார்கள்.

அந்தச் சந்தைக்கு 'பேலஸ்' என்ற பெயர் சும்மா வந்ததில்லை. சாந்தினி சௌக்கில் பேகம் சம்ரூ கட்டிய மாளிகை அது. நாட்டியக்காரியாக ஆரம்பித்து, கூலிக்குச் சண்டை போட வந்த ஒரு ஐரோப்பியனோடு சேர்ந்து, அவன் செத்த பிறகு அவனுடைய பட்டாளத்தைத் தானே நடத்தி, மீரட் பக்கம் சர்தனாவை ஆண்ட பெண்மணி. முகலாயர், மராட்டியர், கம்பெனிக்காரர் என்று யார் வந்தாலும் பொருந்திக்கொண்டார். எந்த பிராண்டு மிக்ஸிக்கும் சேர்கிற கப்ளர் மாதிரி. 1836 வரை உழைத்தார். அவருக்குப் பிறகு மாளிகை பேங்க் கைக்குப் போய், 1857-இல் சூறையாடப்பட்டு, இன்னொரு பேங்குக்குப் போய், கடைசியில் பாகீரத் மல் என்ற லாலாவிடம் வந்து சேர்ந்தது. இன்று அதன் பெரிய தூண்களுக்கு நடுவில் ஒயர் சுருளும் சீரியல் விளக்கும் தொங்குகின்றன. அம்மாளின் அரண்மனை 200 வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்துவிட்டது. அதற்குள் விற்கிற சாமானைப் பற்றித்தான் யாரும் வாக்குக் கொடுப்பதில்லை.

"அந்தக் காலத்துச் சாமான் அந்தக் காலத்துச் சாமான்தான்" என்பது என் பெரியப்பாவின் பல்லவி. ஊரிலிருந்து யார் வந்தாலும், நிரூபணத்துக்காக மெஹ்ரௌலிக்கு அழைத்துப் போய் இரும்புத் தூணின் முன்னால் நிறுத்திவிடுவார். ஏழு மீட்டர் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, சுமார் 1,600 வருஷம், துரு கிடையாது. "இப்ப ஒரு தோசைக்கல் இப்படிப் பண்ணச் சொல்லு பார்ப்போம்!"

பெரியப்பா உயிரோடு இருந்தவரை எதிர்த்துப் பேசத் தைரியம் வரவில்லை, இப்போது சொல்லிவிடுகிறேன். அந்தக் கொல்லர்கள் துருப்பிடிக்காத இரும்பு செய்ய வேண்டும் என்று சங்கல்பம் செய்துகொண்டு உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. கரி போட்டு உருக்கினார்கள். உலையில் சுண்ணாம்பு சேர்க்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. அதனால் பாஸ்பரஸ் இரும்பிலேயே தங்கிவிட்டது. அந்த பாஸ்பரஸ் மேலே மெல்லிய படலமாகப் படிந்து துருவைத் தடுக்கிறது. இன்றைய உலைக்காரர் அந்த பாஸ்பரஸைக் கசடு என்று சொல்லி வெளியேற்றிவிடுவார். கசடை எடுக்காமல் விட்டதால் அமரத்துவம். உலகத்தின் புகழ்பெற்ற தரக் கட்டுப்பாடு, இப்படியாக, ஒரு தற்செயல்.

தூணுக்கு இன்னொரு கதையும் உண்டு. அது பூமிக்கடியில் வாசுகியின் தலைமேல் ஊன்றியிருக்கிறது, அது நிற்கும்வரை உன் வம்சம் நிற்கும் என்று அனங்கபாலன் என்ற தோமர் ராஜாவிடம் ஒரு பிராமணர் சொன்னாராம். ராஜா சும்மா இருந்தாரா? நிஜமா என்று பார்க்கப் பிடுங்கச் சொன்னார். அடியில் ரத்தம். பதறிப்போய்த் திரும்பவும் நட்டார்கள். ஆனால் முன்போல இறுகவில்லை, 'டீலீ'யாக, லூஸாக, நின்றுவிட்டது. அதிலிருந்துதான் தில்லி என்ற பெயரே வந்தது என்பது கதை. மூடியிருக்கும் சாமானைத் திறந்து பார்த்தால் வாரண்டி செல்லாது என்பதற்கு இந்தியாவின் முதல் சாட்சி ராஜா அனங்கபாலன். ஸ்குரூ ஒன்று லூஸ் என்பதை ஊர்ப் பெயராகவே வைத்துக்கொண்ட தலைநகரம் வேறெங்காவது இருக்கிறதா தெரியவில்லை.

இந்த ஊரின் ராஜாக்களுக்குப் பழையது உழைத்தால் ஆகாது. ஒருவர் சிரியைக் கட்டினார், அடுத்தவர் துக்ளகாபாத், அவர் மகன் ஜஹான்பனா, பிறகு பிரோஸாபாத், பிறகு ஹுமாயூன் ஒன்று, ஷாஜஹான் ஒன்று. வருஷா வருஷம் புது மாடல் கார் விடுவது அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் ஸ்லோன் 1920-களில் கண்ட தந்திரம் என்று நிர்வாகவியல் படித்தவர்கள் சொல்வார்கள். எங்கள் சுல்தான்கள் பழைய தலைநகரைத் தூக்கிப் போட்டுவிட்டு நாலு மைல் தள்ளிப் புது மாடல் விட்டுக்கொண்டிருந்தபோது ஸ்லோனின் தேசமே உலகப்படத்தில் கிடையாது.

ஆனால், சீக்கிரம் கெட்டுப்போவதற்கென்றே ஒரு பொருளைத் திட்டம் போட்டுச் செய்த பெருமை துக்ளக் குடும்பத்துக்கு. 1325. வங்காளத்தில் ஜெயித்துவிட்டு கியாசுத்தீன் துக்ளக் திரும்பி வருகிறார். வரவேற்க மகன் ஊருக்கு வெளியே அஃப்கான்பூரில் ஒரு மர மண்டபம் கட்டுகிறார். மூன்றே நாளில் வேலை முடிந்தது. சில வருஷம் கழித்து இங்கே வந்த இப்னு பதூதா, தான் கேட்டதாக எழுதியிருக்கும் விவரம்தான் ரசமானது: ஒரு குறிப்பிட்ட பக்கமாக யானை வந்தால் மண்டபம் சரியும்படி அதை வடிவமைத்திருந்தார்கள். சாப்பாடு முடிந்தது. தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு பெரியவரை வெளியே அழைத்துக்கொண்டார்கள். யானைகளை அணிவகுத்து விட்டார்கள். மண்டபம், தான் எதற்காகச் செய்யப்பட்டதோ அதை ஒழுங்காகச் செய்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பழக்கப்பட்ட கட்டம். இடிபாட்டைத் தோண்ட மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டுவரும்படி மகன் உத்தரவு போட்டார். கூடவே அவசரமில்லை என்று ஒரு ஜாடையும் காட்டினார். கருவிகள் வந்து சேர்ந்தபோது சூரியன் அஸ்தமித்துவிட்டது. 'டெக்னீஷியன் கிளம்பிவிட்டார் சார்' என்று மத்தியானத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கு இந்த இடம் புரியும். ஷாம் தக்! மண்டபத்தைக் கட்டிய அகமது பின் அயாஸுக்கு என்ன தண்டனை? புது சுல்தானின் வஜீராகப் பதவி உயர்வு. அதே காலத்து இன்னொரு சரித்திரக்காரர் பரணி, வானத்திலிருந்து இடி விழுந்தது என்று எழுதி முடித்துவிட்டார். "வோல்டேஜ் ஏற்ற இறக்கம் சார், அது கேரண்டியில் வராது" என்பதன் 14-ஆம் நூற்றாண்டு வடிவம் அது.

மகன் முகம்மது பின் துக்ளக்கின் செப்பு நாணயக் கதை எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்குப் பதிலாகச் செம்பு, பித்தளைக் காசை அதே மதிப்புக்குச் செல்லும் என்றார், வீட்டுக்கு வீடு தாராளமாக அச்சடித்தார்கள், சில வருஷத்தில் கைவிட்டுக் கஜானாவிலிருந்து நல்ல காசு கொடுத்து மீட்டார், செல்லாக் காசு துக்ளகாபாத்தில் மலையாகக் குவிந்தது. டூப்ளிகேட் சரக்கை அசலாக மாற்றிக் கொடுத்த ஒரே உற்பத்தியாளர் என்ற வகையில் மனிதர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

வெள்ளைக்காரன் மட்டும் என்ன? 1911 டிசம்பரில் தலைநகர் இனி தில்லி என்று அறிவித்து, மூன்றாம் நாளே ராஜாவும் ராணியும் அஸ்திவாரக் கல் வைத்தார்கள். பிறகுதான் இடம் சரியில்லை என்று தெரிந்தது. கல்லைப் பெயர்த்து ரைசினாவுக்குக் கொண்டுபோனார்கள். யுகயுகமாக நிற்கட்டும் என்று சிவப்புக் கல்லில் இழைத்து இழைத்துக் கட்டி, 1931 பிப்ரவரியில் திறந்தார்கள். 1947 ஆகஸ்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பதினாறரை வருஷம். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓடிய சீலிங் ஃபேன் அதைவிட அதிகம் ஓடியிருக்கிறது.

அந்தப் புதுத் தலைநகர் எழும்பிக்கொண்டிருந்த 1924-இல்தான் நம் கதையின் முக்கியமான இரண்டு காரியங்கள் நடந்தன. முதலாவது தில்லியிலேயே. காந்தி இங்கே 21 நாள் உண்ணாவிரதம் முடித்துத் தேறிக்கொண்டிருந்தார். சாந்திநிகேதனில் படித்த ராமச்சந்திரன் என்ற இளைஞர், பின்னாளில் மனைவி சௌந்தரத்தோடு திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை நிறுவியவர், நீங்கள் எல்லா இயந்திரத்துக்கும் விரோதியா என்று கேட்டார். காந்தி இல்லை என்றார். விதிவிலக்குக்கு அவர் எடுத்துக் காட்டியது சிங்கர் தையல் மெஷின். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சிரமப்படுவதைக் கண்டு அன்பினால் உருகி சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்று சொன்னார்.

மகாத்மாவிடம் யாரோ நன்றாகக் கதை விட்டிருக்கிறார்கள். ஐசக் சிங்கர் நாடகக்காரர். மெஷினையும் அவர் கண்டுபிடிக்கவில்லை, மற்றவர்கள் செய்ததைத் திருத்தி 1851-இல் பேடண்ட் வாங்கினார். மனைவியின் சிரமம் கண்டு உருகினார் என்றால், எந்த மனைவி என்ற கேள்வி வருகிறது. ஒரே நேரத்தில் நியூயார்க்கில் பல குடும்பங்கள். குழந்தைகள் இருபதுக்கு மேல். குட்டு உடைந்ததும் ஐரோப்பாவுக்கு ஓடினார்.

ஆனால் மெஷின் அருமையான மெஷின். பாட்டி தைத்து, அம்மா தைத்து, பேத்தி தைக்கலாம். சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க்குக்குத் தூக்கம் போனது அதனால்தான். ஒரு தடவை வாங்கிய வீட்டில் மறுபடி எப்படி விற்பது? 1856-இல் அவர் தவணைமுறையைக் கொண்டுவந்தார். கூடவே, பழைய மெஷினைக் கொடுத்தால் புதியதில் இத்தனை டாலர் தள்ளுபடி. வாங்கிய பழைய மெஷின்களை என்ன செய்தார்கள்? உடைத்து நொறுக்கினார்கள், இரண்டாம் கையாகச் சந்தைக்கு வந்துவிடக் கூடாதே என்று. லாஜ்பத் நகரில் வருஷா வருஷம் பேனர் கட்டுகிறார்களே எக்ஸ்சேஞ்ச் மேளா, அதன் கொள்ளுத்தாத்தா காந்தி மன்னித்துவிட்ட அந்த மெஷின்தான். நல்ல சாமான் செய்தவனுக்கு முதல் போட்டி, அவன் போன வருஷம் விற்ற நல்ல சாமான்.

இரண்டாவது காரியம் அதே வருஷம் டிசம்பரில், ஜெனிவாவில். ஆஸ்ரம், பிலிப்ஸ் முதலான பல்புக் கம்பெனிகள் கூடி 'ஃபீபஸ்' என்று சூரியக் கடவுளின் பெயரில் ஒரு கூட்டணி போட்டன. அன்றைய பல்புகள் 1,500, 2,000 மணி நேரம் எரிந்துகொண்டிருந்தன. இனி 1,000 மணிக்கு மேல் கூடாது என்று தீர்மானம். ஒவ்வொரு தொழிற்சாலையிலிருந்தும் பல்பை வாங்கி எரியவிட்டுப் பார்த்தார்கள். அதிக நேரம் எரிந்த பல்பைச் செய்தவனுக்கு சுவிஸ் பிராங்கில் அபராதம்! நன்றாகப் படித்த பையனை வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றிய ஒரே பள்ளிக்கூடம். மொத்தமாக மோசம் என்றும் சொல்ல முடியாது. இழையைக் குறைவாகச் சூடாக்கினால் பல்பு நீண்ட நாள் எரியும், ஆனால் மங்கலாக எரியும், அதே வெளிச்சத்துக்குக் கரண்டை அதிகம் தின்னும். கலிஃபோர்னியாவில் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901-லிருந்து எரிகிறதே ஒரு பல்பு, அதன் வெளிச்சத்தில் கந்தர் சஷ்டிக் கவசத்தை மனப்பாடமாகச் சொல்லலாம், படிக்க முடியாது. ஆனால் இன்ஜினீயர் சொன்ன காரணத்துக்குப் பக்கத்திலேயே கணக்குப்பிள்ளை சொன்ன காரணமும் உட்கார்ந்திருந்தது. உலக யுத்தம் வந்துதான் கூட்டணி கலைந்தது. மங்குகிற இழையே இல்லாத இன்றைய எல்.இ.டி.யின் பெட்டியில் 25,000 மணி என்று போட்டிருக்கும். டையோடு உழைக்கத்தான் செய்யும். அதன் பின்னால் இருக்கிற மிளகு சைஸ் கெபாசிட்டர் சூட்டில் வீங்கி முன்னாலேயே போய்விடும். தீபாவளிக்கு வாங்கிய என் பல்பு பொங்கலுக்குக் கண் சிமிட்டியது.

சிங்கரைப் பற்றி காந்தி சொன்ன கதை பொய்யாகப் போயிற்றே என்று வருத்தப்பட வேண்டாம். முப்பத்தொன்பது வருஷம் கழித்து பம்பாயில் அது நிஜமாக நடந்தது. மாதுரி மாத்தூர் என்ற பெண்மணியின் ஜெர்மன் மிக்ஸி எரிந்துபோனது. முட்டை அடிக்கவும் பழம் கலக்கவும் செய்த மிக்ஸியில் உளுந்தையும் தேங்காயையும் போட்டால் அது வேறென்ன செய்யும்? கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் சீமென்ஸில் இன்ஜினீயர். உட்கார்ந்து, நம் சமையலுக்குத் தாங்குகிற மோட்டார் வைத்து ஒரு மிக்ஸி செய்தார். 1963, சுமீத்.

எங்கள் வீட்டுக்கு அது வந்தது எழுபதுகளின் கடைசியில். அப்பா மத்திய சர்க்கார் குமாஸ்தா. மாடியில் ஒரு அறை, கூடம், சின்ன சமையலறை. அம்மா மிக்ஸியைப் போட்டால் கீழ் வீட்டுப் பஞ்சாபி மாமி ஏரோப்ளேன் கிளம்பியாச்சா என்று கேட்பார். முப்பது வருஷம் ஓடியது. "பார்த்தியா, அந்தக் காலத்துச் சாமான்!" என்று பெரியப்பா அதன் தலையைத் தட்டிக்கொடுப்பார்.

அவருக்குத் தெரியாத கணக்கு எனக்குத் தெரியும், ஏனென்றால் அதைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனவன் நான். வருஷத்துக்கு ஒரு கப்ளர். இரண்டு வருஷத்துக்கு ஒரு ஜோடி கார்பன் பிரஷ். ஜார் அடியில் வாஷர், புஷ். பிளேடு சாணை. இரண்டு தடவை ஆர்மேச்சர் வைண்டிங். தெருமுனையில் ஒரு சர்தார்ஜி, மிக்ஸியைத் தலைகீழாகக் கவிழ்த்து, நாலு ஸ்குரூவைக் கழற்றிச் சாஸரில் போட்டு, கருகின வாசனையை முகர்ந்தே வியாதியைச் சொல்லிவிடுவார். "மாதாஜியிடம் சொல்லு, அரிசி போட்டால் நடுவில் மூச்சு விட விடணும்." அம்மா ஒரு நாளும் விட்டதில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் பண்ணிய கோயிலை ஆயிரம் வருஷத்துக் கோயில் என்கிறோமே, அந்தக் கணக்கில்தான் அது முப்பது வருஷத்து மிக்ஸி.

கெடாத சாமான் என்று ஒன்று அந்தக் காலத்தில் இல்லவே இல்லை. ரேடியோவைத் தட்டினால்தான் பாடும், அம்பாசடரைத் தள்ளினால்தான் கிளம்பும். கெட்டால் திறக்க முடிந்தது, திறந்தால் உள்ளே போட ஒரு சாமான் கிடைத்தது, அதைப் போட ஒரு ஆள் தெருமுனையில் உட்கார்ந்திருந்தார். கம்பெனிக்காரர்கள் தர்மாத்மாக்கள் என்பதால் இப்படி இல்லை. கூடுதலாக நாலு ஸ்கூட்டர் செய்வதற்கும் சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். புதியதற்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் ஜனம் காத்திருக்கும்போது, பழையது சீக்கிரம் சாக வேண்டும் என்று எந்த முதலாளி வேண்டிக்கொள்வான்? அந்நாளில் மிகவும் நீடித்து உழைத்தது க்யூ.

பிறகு 1982. தில்லியில் ஆசிய விளையாட்டு, டி.வி.யில் கலர். கரோல்பாகில் ஒரு டி.வி.கூடக் கெடவில்லை, ஆனால் அத்தனை டி.வி.யும் ஒரே வாரத்தில் பழசாகிவிட்டன. அப்பு யானைக்குட்டி கறுப்பு வெள்ளையில் நடப்பதைப் பார்க்க மனம் வரவில்லை. அஃப்கான்பூருக்குப் பிறகு தில்லியில் ஒரு யானை செய்த பெரிய சேதம் அதுதான். தொண்ணூறுகளில் அகாய் பழைய டி.வி.யைக் கொடுத்துப் புதியதை எடுத்துப் போகச் சொன்னபோது, கிளார்க்கின் ஆவி சந்தோஷப்பட்டிருக்கும்.

பொருளாதார மந்தத்தில், 1932-இல், பெர்னார்ட் லண்டன் என்று ஒருவர் நியூயார்க்கில் ஒரு சிறு பிரசுரம் போட்டார். ஒவ்வொரு சாமானுக்கும் சர்க்கார் ஆயுள் நிர்ணயிக்க வேண்டும், அது முடிந்ததும் சாமான் சட்டப்படி இறந்ததாகக் கொள்ள வேண்டும், அதற்கு மேலும் வைத்திருப்பவனுக்கு வரி. அமெரிக்கா சிரித்துவிட்டு மறந்தது. இங்கே தில்லியில் வண்டிக்கு அந்த மாதிரி விதி வந்தது: டீசல் பத்து வருஷம், பெட்ரோல் பதினைந்து. இந்த ஊர்க் காற்றை மூச்சு விட்டவன் அந்த நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டான். 2025 ஜூலை முதல் தேதி, வயசான வண்டிக்கு பங்கில் எண்ணெய் ஊற்றாதே என்று உத்தரவு வந்தது. இரண்டு மூன்று நாளில் அரசே பின்வாங்கியது. உத்தரவும் ஷாம் தக். இன்னொரு பக்கம், பழுது பார்க்கும் உரிமைக்காக நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ஒரு இணையதளம் திறந்தது. சர்தார்ஜி இருந்தவரை அது உரிமை என்பதே எங்களுக்குத் தெரியாது.

எங்களுடைய போன மிக்ஸி, கம்பெனி பெயர் வேண்டாம், மூன்றாவது வருஷம் நின்றது. அடியைக் கவிழ்த்தால் நட்சத்திர வடிவ ஸ்குரூ, அதற்கு நம் வீட்டில் ஸ்குரூ டிரைவர் கிடையாது. வந்த டெக்னீஷியன் பையன் திறந்தே பார்க்காமல், "மோட்டார் செட்டே மாற்றணும் அங்கிள்" என்று ஒரு தொகை சொன்னான். இன்னும் கொஞ்சம் போட்டால் புதியது. புதியது வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர் எடுக்கிற கபாடிக்காரரிடம் அந்த மிக்ஸியைக் கொடுத்தேன். அவர் ஒரு சுத்தியலால் அடியைத் தட்டித் திறந்துவிட்டார், ஸ்குரூவைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. உள்ளே சுற்றியிருந்த கம்பியைப் பேனாக்கத்தியால் சுரண்டினார். மேலே செம்பு நிற வார்னிஷ், கீழே வெளுத்துப்போன அலுமினியம். "எழுபது ரூபாய்." பரணில் ஏறி, அம்மாவின் சுமீத்தையும் எடுத்து வந்து வைத்தேன், சும்மா விலை கேட்க. அதையும் அதே இடத்தில் சுரண்டினார். சிவப்பாக மின்னியது. கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு, "முன்னூறு தருகிறேன்" என்றார்.

"கொடுத்துடலாமா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டேன்.

"என்னங்க, அதுக்கு கப்ளர்தானே போச்சு?" என்றாள் மனைவி.